தாமதப் பதிவேட்டின் கடைசிக் கோடு

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்கால் முரண்டு பிடிப்பதைத் தவிர நான் நலம். நீயும் மருமகளும் எப்படி இருக்கிறீர்கள் என்று கடிதத்தில் எழுது. தொலைபேசியில் எல்லோருமே நலமாகத்தான் இருக்கிறார்கள்.

உன் தங்கை ஜெயித்துவிட்டாள். முதலில் அதைச் சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். நான் தலைமையாசிரியையாக இருந்த பள்ளியிலேயே அவள் சமூகப் பணியாளராகச் சேர்ந்தபோது, பாடமும் நடத்தாமல் மணியும் அடிக்காமல் இது என்ன உத்தியோகம் என்று கேட்டவள் நான். பந்துகள் அடுக்கியிருந்த அறையில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளைகள் அழுதுகொண்டு வந்தால் கதவைச் சாத்துகிறாள், வீட்டுக்கு வந்தால் வாயைச் சாத்துகிறாள். இந்த விஷயத்தைக்கூடச் சம்பந்தப்பட்ட மாணவியின் தாய் சம்மதித்த பிறகுதான் என்னிடம் சொன்னாள். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு மாதமாகப் பள்ளிக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள், ஆண்டுத் தேர்வு எழுத முடியாது. சோம்பேறிக் கழுதை என்றாராம் வகுப்பாசிரியர். உன் தங்கை மூன்று முறை வீட்டுக்குப் போயும் கதவு திறக்கவில்லை. கழுத்தில் அட்டையும் கையில் கோப்புமாக நின்றவளைப் பார்த்து, பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போக வந்திருக்கிறாள் என்று பயந்திருக்கிறார்கள். நான்காம் முறை இரண்டையும் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள், திறந்தது. அப்பா பக்கவாதத்தில் படுக்கை, அம்மாவுக்குச் சலவைக்கூடத்தில் விடிகாலை வேலை. ஒன்பது மணிக்குத் தாதி வரும்வரை அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்து, துடைத்து, ஊட்டுவது இந்தப் பெண்தான். பள்ளிக் கதவோ எட்டரைக்குச் சாத்தப்படும். மூன்று நாள் தாமதமாகப் போயிருக்கிறாள், மூன்று முறையும் பெயரைத் தாமதப் பதிவேட்டில் எழுதி, காலைக் கூட்டத்தில் வாசித்திருக்கிறார்கள். அதோடு நின்றுவிட்டாள்.

அந்தப் பதிவேட்டைக் கொண்டுவந்தது யார் என்று உனக்குத் தெரியும். இப்போதைய தலைமையாசிரியை, முதல் பாடத்தை வேண்டுமானால் விட்டுக்கொடுக்கிறேன், பெயர் வாசிப்பது பெரிய மேடம் வைத்த வழக்கம், அதில் கைவைக்க மாட்டேன் என்றாராம். உன் தங்கை செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்று, அம்மா, நீ போட்ட சட்டம், நீயே வந்து எடு என்றாள். ஒழுங்கு என்றால் என்ன தெரியுமா என்று நான் ஆரம்பித்தேன். தெரியும்மா, அந்தப் பொண்ணு நாலரைக்கு எழுந்திருக்கிறா, நீ இன்னிக்கு எத்தனை மணிக்கு எழுந்த என்றாள். ஆறரை.

வியாழக்கிழமை போய், பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் குறுக்கே கோடு போட்டுக் கையெழுத்திட்டேன். மறுநாள் காலை வாசலில் காவலாளி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வெயில்ல எதுக்கு மேடம் என்றார், நானும் காவல்தான் என்றேன். ஒன்பது இருபதுக்கு அவள் வந்தாள், பையை மார்போடு அணைத்துக்கொண்டு. காவலாளி கதவை அகலத் திறந்து, வாம்மா, உனக்காகத்தான் இத்தனை நேரம் நிக்கிறோம் என்றார். உன் தங்கை மாடிப்படியில் தடதடவென்று ஓடி வந்தாள். இந்த வயதில் இப்படியா ஓடுவது என்று கண்டிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

நீங்கள் இருவரும் எல்லா வளமும் பெற்று வாழ வேண்டும். கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. இன்னொன்று, பதிவேட்டின் பழைய பக்கங்களில் உன் பெயரைப் பார்த்தேன். தங்கைக்கு மருந்து வாங்கப் போய்த் தாமதமானவன் நீ. அன்றே எனக்குத் தெரியும், தெரிந்தும் வாசித்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன், கண்ணா.

உன் அம்மா