எபிசு சாமிக்கு நைனா முகம்

கோபே, 12.2.1974

அன்புள்ள நைனாவுக்கு,

சர்வேசுரன் கிருபையால் சுகம். உங்கள் இருமல் நின்றதா? கடிதத்தில்தான் உங்களிடம் கத்தாமல் பேச முடிகிறது.

இங்கே மீன்காரர்களுக்கு எபிசு என்றொரு அதிர்ஷ்ட சாமி. பழைய படங்களில் எல்லாம் கக்கத்தில் மீனும் கையில் தூண்டிலுமாகச் சிரிப்பார். அவருக்கும் காது மந்தமாம்; கோயில் சுவரைத் தட்டித்தான் வேண்டுகிறார்கள். கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கும் என்னை, ஒரு படகில் அவரை வரையச் சொன்னார்கள். அந்தச் சிரிப்பு வரவேயில்லை. மூன்று தடவை அழித்தேன். கடைசியில், வலை நிறைந்த அன்று நீங்கள் சிரித்த முகத்தைப் போட்டேன். படகுக்காரர் பார்த்ததும் கைகூப்பிவிட்டார்!

உங்களை "இன்னா செவிடு" என்று கூப்பிடும் மீன் ஏலக்காரனிடம் சொல்லுங்கள், ஜப்பான்காரன் தினமும் உங்களைக் கும்பிடுகிறான் என்று. பங்குச் சாமியாரிடம் மட்டும் வேண்டாம்.

உங்கள் போட்டோ ஒன்று அனுப்புங்கள். ஸ்டூடியோக்காரன் "சிரிக்காத பெருசு" என்பான். உங்களுக்குத்தான் காது கேட்காதே, நன்றாகச் சிரியுங்கள்.

மகன்,
பிலவேந்திரன்