எசமானுக்கு யார் சமைத்தது?

12 கார்த்திகை 1997, புதன்

குடியுரிமைப் பரீட்சை வகுப்பில் இன்று ரீச்சர் தன் முன்னோரைப் பற்றிச் சொன்னாள். அமெரிக்காவில் அடிமைகளாக இருந்தவர்கள், யுத்தம் வந்தபோது எசமானின் எதிரியான பிரிட்டிஷ் படையோடு பிள்ளைகுட்டிகளுடன் கப்பலேறிக் கனடா வந்தார்களாம். என் மனுசன் கையை உயர்த்தி, பிறகு எசமானுக்கு யார் சமைத்தது என்று கேட்டார்! நான் மேசையைப் பார்த்தேன்.

வீடு திரும்பும் பஸ்ஸிலும் அவருக்கு வாய் ஓயவில்லை. "ஊரில எங்கட வீட்டு அடிமை குடிமையளும் உப்பிடித்தான் ஆமிப் படையோட போனதுகள். நன்றி கெட்டதுகள்."

மூன்று தலைமுறையாக வாசலில் நிறுத்தித் தேங்காய்ச் சிரட்டையில் தேத்தண்ணி கொடுத்ததற்கு நன்றி வேண்டுமாம், இந்தப் பெரிய மனுசனுக்கு.

இப்போது ஹோல் சோபாவில் இருந்து கத்துகிறார். "இஞ்சேரும், தேத்தண்ணி எங்க?"

என்னைக் கூட்டிப்போக இந்த ஸ்காபரோ வீட்டுக்கு எந்த ஆமி வரும்?