கை எடுத்தால் இரையாத பெட்டி

மார்ச் 2

அபோண்டி எல்டோரெட்டில் நர்ஸ். அவள் தம்பி ஒகினி மொம்பாசா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். கடைக்குட்டி அவினோ வகுப்பில் இரண்டாவது. முதலாவது வந்தது டீச்சர் மகள், அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மூன்றும் என் பேரப்பிள்ளைகள். நான் படித்தது ஐந்தாவது. ஆனால் எங்கள் பாட்டுக் குழுவில் பேஸ் கித்தார் என் விரலில்தான்.

இன்று ஸ்டூடியோப் பையன் ஒகுமு சொல்கிறான் (அவனுக்கும் நான் டானி, அதாவது பாட்டி): "டானி, உங்க கித்தார் தகர டப்பாவுக்குள்ள ஈ பறக்கிற மாதிரி கேக்குது. பிரீ ஆம்ப் இருந்தா சத்தத்தைக் கொழுக்க வெச்சு மிக்ஸருக்கு அனுப்பும். அந்தச் செலவெல்லாம் உங்களுக்கு எதுக்கு? பேஸை நான் கீபோர்டுல போட்டுக்கறேன். நீங்க பக்கத்துல உக்காந்து தாளம் போடுங்க."

தாளமாம். மாதக் கடைசியில் ரெக்கார்டிங். நான்தான் வாசிப்பேன்.

மார்ச் 8

ஸ்டூடியோவுக்கும் மேடைக்கும் ஒரே பிரீ ஆம்ப் பெட்டி. ஆறாயிரம் ஷில்லிங்குக்கு மேல் கிடையாது. கிசுமு கடைக்காரர் ஒலாலோ எட்டுக் குமிழ் வைத்த ஒன்றைக் காட்டினார். "எருமை மாதிரி உறுமும்மா." உறுமியது. வாங்கிவிட்டேன். பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாமாம்.

மார்ச் 10

மானம் போச்சு.

சாவு வீட்டில் வாசிப்பு. மீன் வியாபாரி ரபுவோர் பணம் வைத்துப் பாட்டை நிறுத்தினார். காசு வைத்தவர் மைக்கில் தன் பெருமையைப் பேசுவது எங்கள் பக்கத்து வழக்கம்தானே. கூட்டம் வாயை மூடியது. என் பெட்டி மூடவில்லை. இஸ்ஸ்ஸ் என்று ஒரே இரைச்சல்.

"யாருப்பா அங்க மீன் பொரிக்கிறது?" என்றான் ஒருவன்.

ரபுவோர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அலேகோ ஊர்ப் பொண்ணே, உன் பெட்டியும் பெருமை பேசணுமா? முதல்ல காசு வெக்கச் சொல்லு."

சாவு வீடே சிரித்தது. அழுதுகொண்டிருந்த விதவைகூட.

தப்பு என்னுதுதான். கடையில் வாசித்துப் பார்த்தேன். வாசிக்காமல் பார்த்தேனா?

மார்ச் 11

விட மாட்டேன்.

மார்ச் 13

ஒலாலோவிடம் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "மேடையில ஓடுற மாதிரி ஜெனரேட்டரை ஓட விடுங்க. இருக்கிற பெட்டியெல்லாம் கொண்டாங்க, குமிழையெல்லாம் ஏத்தி வைங்க" என்றேன். கித்தாரை மாட்டிக்கொண்டு கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"வாசிக்காம எப்படிம்மா பாக்கறது?"

"சும்மா இருக்கத் தெரியுதான்னு பாக்கறேன்."

மேடையில் போலவே சத்தமாகப் பெருமை பேசினேன். முதல் பெட்டி அபோண்டி பேரைச் சொல்லும்போதே இரைந்தது. அடுத்தது ஒகினி கிரேனில் ஏறுவதற்குள். கடைக்கு வந்தவர்கள், "இன்னும் யாராவது பேரன் இருக்கானாம்மா?" என்று கூடிவிட்டார்கள். சாயம் போன பழைய பெட்டி ஒன்று, மூன்றே குமிழ், பேட்டரியில் ஓடுவது. அவினோவின் மார்க் முழுவதையும் சொல்லி முடித்தேன். பெட்டி மூச்சு விடவில்லை. அப்புறம்தான் வாசித்தேன். ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகப் பேசியது.

"எருமை மாதிரி உறுமாதும்மா," என்றார் ஒலாலோ.

"உறுமறதுக்கு என் விரல் இருக்கு."

ஆறாயிரத்துக்குள் முடிந்தது.

மார்ச் 17

நடுக்குமிழைப் பாதிக்கு மேல் திருப்பினால் சத்தம் சேறாகிறது. பாதிதான்.

மார்ச் 29

ரெக்கார்டிங். வாசித்தேன். ஒகுமு மறுபடி கேட்டான். தலையைக் குனிந்துகொண்டு இன்னொரு தடவை கேட்டான். எழுந்து போய்க் கீபோர்டைத் துணி போட்டு மூடினான்.

ஏப்ரல் 19

பாட்டு வெளியே வந்துவிட்டது. சந்தைக்குப் போகும் மட்டாட்டு வேனில் டிரைவர் போட்டான். சீட்டுக்கு அடியில் என் பேஸ் அதிர்ந்தது. பக்கத்தில் இருந்தவளிடம் நான் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. இறங்கும்போதுதான் சொன்னேன்.

அபோண்டி தன் ஃபோனில், பேஸ் வாசிப்பது என் பாட்டி என்று ஊருக்கே போட்டிருக்கிறாளாம். போட்ட படம்? மரவள்ளி உரிக்கிற படம். கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்: "அதை எடுத்துடு. கித்தாரோட நிக்கறது ஒன்னு அனுப்பியிருக்கேன், அந்தப் புதுப் படத்தைப் போடு."