சோறு திங்கலைங்க

கொடைக்கானல்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

ஜெயப்பிரியா எழுதுவது. முட்டுவலி மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொன்னால் கத்திவிடுவேன், அதனால்தான் இந்தக் கடிதம்.

நேற்று இங்கே மலைமேல் இருக்கும் போளூரிலிருந்து ரெங்கம்மாள் என்றொரு அம்மா எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஆபரேஷனுக்கு வந்திருந்தார். வெறும் வயிறாக இருக்க வேண்டும். பயிற்சிக்கு வந்த நர்சிங் மாணவி, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு, அவர் "இல்லம்மா" என்றதும் வெறும் வயிறு என்று எழுதிவிட்டாள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நான், "வெள்ளனே வாயில என்னம்மா போட்டீங்க?" என்றேன்.

"காப்பியும் நாலு ரஸ்க்கும்தான். சோறு திங்கலைங்க."

மயக்க மருந்து கொடுத்திருந்தால் வாந்தி மூச்சுக்குழாயில் போய் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும்.

ஆனால் திட்டு யாருக்கு? "படிக்காத சனங்க, பொய் சொல்லுதுங்க" என்று டாக்டர் முதல் எல்லாரும் திட்டியது அந்த அம்மாவைத்தான்! அவர் எங்கே பொய் சொன்னார்? நம் வீட்டில் மட்டும் காப்பி குடிப்பதைச் சாப்பாடு என்றா சொல்கிறோம்? கேட்கத் தெரியாதது எங்கள் குற்றம். இதைப் பெரிய டாக்டரிடமே சொல்லிவிட்டேன். முறைத்தார், முறைக்கட்டும்.

நர்சிங் சேரப்போகும் நம் சௌம்யாவை மாமா இங்கிலீஷ் வகுப்புக்கு அனுப்பச் சொல்கிறாராமே. போகட்டும். அதற்கு முன்னால் தமிழில் கேள்வி கேட்கப் பழகச் சொல்லுங்கள்.

இங்கே குளிர் அதிகம். உங்கள் பழைய சேலை ஒன்றும் கொஞ்சம் பருப்புப்பொடியும் அனுப்புங்கள். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

நீங்களும் இனிமேல் போனில் "சாப்பிட்டியா?" என்று கேட்காதீர்கள். ஆமாம் என்றுதான் சொல்வேன். என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள்.

உங்கள்
ஜெயப்பிரியா