பாதியாய் வர வேண்டாம்

பிப்ரவரி 4

அன்பான வாத்தியாருக்கு,

நலமா என்று கேட்டால் ஒரே சொல்லில் முடித்துவிடுவீர்கள். அதனால் கேட்கவில்லை. சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா, இளைத்துவிட்டீர்களா? தனித்தனியாகப் பதில் வேண்டும்.

நீங்கள் மடத்துக்குப் போனதிலிருந்து அம்மா என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். நேற்று அவளாகவே ஆரம்பித்தாள்.

"நிச்சயம் பண்ணின மாப்பிள்ளை சாமியாராப் போறேன்னு சொன்னா, எந்தப் பொண்ணாவது போய்ட்டு வாங்கன்னு சொல்லுவாளா?"

"ஒரு வருஷம்தானேம்மா. இருந்து பார்த்துட்டு வரேன்னுதானே போயிருக்கார்."

"இருந்து பார்க்கிறதுக்கு அது என்ன வாடகை வீடா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

நான் ஏன் சரி என்றேன் என்று எனக்கே சில நாள் புரிவதில்லை. அன்று நீங்கள், "வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே பாதியில் நின்றுவிடுகிறேன், கடவுள் கூப்பிடுகிறாரா இல்லையா என்று தெரியாமல் உன் கழுத்தில் தாலி கட்டினால் அது உனக்குச் செய்கிற துரோகம்" என்றீர்கள். அந்த முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. ஒரு வருஷத்தில் தெளிந்து திரும்பிவிடுவீர்கள் என்று நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

கண்ணாடிக் கடையில் எல்லாம் பழையபடிதான். இன்று ஒரு அம்மா கண் பரிசோதனைப் பலகையிலுள்ள எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பித்தார். கண்ணாடி போட்டால் வயசாகிவிட்டது என்று மருமகள் சொல்லிவிடுவாளாம். பலகையைத் தலைகீழாக மாட்டினேன். அப்போதும் அதையேதான் ஒப்பித்தார்.

வழி பார்த்திருக்கும்,
கண்ணாடிக்காரி

ஏப்ரல் 19

என் கண்ணாடிக்காரிக்கு,

சாப்பிடுகிறேன். தூங்குகிறேன். இளைத்திருக்கிறேன்.

என்னைச் சலவை அறையில் போட்டிருக்கிறார்கள். கோவில் பீடத்தில் விரிக்கும் துணிகளைத் தனியாக அலசி, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் இஸ்திரி போட வேண்டும். போன வாரம் ஒன்றைக் கருக்கிவிட்டேன். மடத்துத் தலைவர் அந்தப் பழுப்புத் தடத்தைத் தடவிப் பார்த்தார்.

"என்ன யோசனைல இருந்தீங்க?"

"ஒண்ணுமில்ல, பாதர்."

அன்று காலையில்தான் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்திருந்தேன்.

உன்னிடம் மறைக்க முடியாது. சில நாள் முழங்காலிட்டதும் மனசு அப்படியே அடங்கிப்போகும். இங்கேயே கிடந்துவிடலாம் போலிருக்கும். வேறு சில நாள் கண்ணை மூடினால் உன் கடைத்தெருதான். தபால் வருகிற நாளில் என் உடம்புதான் பூசையில் இருக்கிறது, நான் வாசலில் நிற்கிறேன்.

இன்னும் எழுது. நீளமாக எழுது.

உன்
வாத்தியார்

ஜூன் 11

அன்பான வாத்தியாருக்கு,

கடைக்குப் பின்தெருவில் மாடியில் இரண்டு அறை காலியாகியிருக்கிறது. சும்மா பார்க்கலாம் என்று போனேன். சமையலறை ஜன்னலில் காலை வெயில் நேராக விழுகிறது. உங்கள் புத்தகங்களை எந்தச் சுவரோரம் வைக்கலாம் என்று நின்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"எத்தனை பேரும்மா?" என்றார் வீட்டுக்காரர்.

"ரெண்டு பேர்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அவரையும் கூட்டிட்டு வந்து பாருங்க."

வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். இதை அம்மாவிடம் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்லக் கூடாதுதான்.

கண்ணாடிக்காரி

ஆகஸ்ட் 22

என் கண்ணாடிக்காரிக்கு,

அந்தச் சமையலறை ஜன்னலை விட்டு என்னால் நகர முடியவில்லை. நானே நேரில் பார்த்ததுபோல் அங்கேயே நிற்கிறேன்.

அடுத்த மாதம் வருஷம் முடிகிறது. வர ஆசையாக இருக்கிறது. கிளம்ப நினைத்தால், இங்கே எதையோ கேட்காமலே போகிறோம் என்று பயமாக இருக்கிறது. இன்னும் ஒரே ஒரு வருஷம் காத்திருப்பாயா? கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். கடிதத்தை மட்டும் நிறுத்திவிடாதே. நீ எழுதுவதால்தான் என்னால் இங்கே இருக்க முடிகிறது.

உன்
வாத்தியார்

செப்டம்பர் 1

வாத்தியாரே,

உங்கள் கடிதத்தைக் கடையிலேயே பிரித்தேன். படித்துவிட்டு, ஒருவருடைய இடது கண் லென்ஸை வலது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். திரும்பி வந்து சத்தம் போட்டார். யாராவது என்னைச் சத்தம் போட்டால் நன்றாயிருக்கும் என்றுதான் அப்போது இருந்தது.

கடை முடிந்து கோவிலுக்குப் போனேன். தினமும் போகிறேன். அங்கே என்ன கேட்கிறேன் என்று உங்களிடம் சொன்னதில்லை. "அவருக்கு அந்த இடம் பிடிக்காமப் போகணும், ஆண்டவரே." இதுதான் என் செபம். "உம் சித்தம்" என்று கடைசியில் வாய்க்குள் முணுமுணுத்துக்கொள்வேன், அவருக்குச் சரியாகக் கேட்டுவிடாதபடி. அன்று அந்தச் செபம் எனக்கே அசிங்கமாகப் பட்டது. அவரிடம் நீங்கள் தோற்றால்தான் எனக்குக் கிடைப்பீர்கள் என்றால், எனக்குக் கிடைக்கப்போவது யார்?

செபத்தில் என்னை நினைக்கிறீர்கள். எனக்கு எழுதும்போது செபத்தை நினைக்கிறீர்கள். எங்கள் இருவரில் யாரிடமும் நீங்கள் இல்லை. கடவுள் பொறுமைசாலி, கொடுத்த மிச்சத்தை வைத்துச் சமாளித்துக்கொள்வார் என்று நினைத்துவிட்டீர்களா? அவர் முழு மனசைக் கேட்கிறவர். என்னை மன்னியுங்கள், நானும் அப்படித்தான்.

நான் எழுதுவதால்தான் அங்கே இருக்க முடிகிறது என்றீர்கள். அதனால் இனி எழுத மாட்டேன். நிச்சய மோதிரத்தைக் கழற்றி அம்மாவின் அலமாரியில் வைத்துவிட்டேன். வந்தால் முழுசாக வாருங்கள், என் வீட்டுக்கதவு திறந்திருக்கும். இருந்தால் முழுசாக இருங்கள். பாதியாய் மட்டும் வர வேண்டாம்.

எழுத்து கோணலாக இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்காரி

அக்டோபர் 30

கண்ணாடிக்காரிக்கு,

உன் கடிதம் வந்த மறுநாள் மடத்துத் தலைவரிடம் போய், "நான் வீட்டுக்குப் போறேன், பாதர்" என்றேன். அவர் காரணம்கூடக் கேட்கவில்லை.

"பஸ் சாயங்காலம்தான். சாப்பிட்டுட்டுப் போங்க."

வந்தபோது போட்டிருந்த பேன்ட்டை எடுத்துக் கொடுத்தார்கள். இடுப்பில் நிற்கவில்லை. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, உன்னைப் பார்க்கப்போகிற சந்தோஷத்தில் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி படியிறங்கினேன். அந்தச் சந்தோஷம் நிஜம். அதை நீ நம்ப வேண்டும்.

கிளம்புமுன் ஆண்டவரிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளலாம் என்று கோவிலுக்குள் போய் உட்கார்ந்தேன். "போய்ட்டு வரேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. சரி, "கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்க" என்றாவது சொல்லலாம் என்று பார்த்தேன். அதுவும் வரவில்லை. வெளியே பஸ் ஹாரன் அடித்தது கேட்டது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

உன்னைக் காத்திரு என்று சொல்ல என்னால் முடிந்தது. இரண்டு தடவை சொன்னேன். அவரிடம் ஒரு தடவைகூடச் சொல்ல முடியவில்லை. இதை இன்னும் மென்மையாக எழுத முயன்றேன். ஒவ்வொன்றும் பொய்யாக வந்தது, கிழித்துப்போட்டேன்.

உன்மேல் உள்ள ஏக்கம் போய்விடவில்லை. இத்தனை நாள் அதை ஒளித்துவைத்துக்கொண்டு செபம் செய்தேன். இப்போது அதையும் சேர்த்தே அவர் முன்னால் வைக்கிறேன். அவர் அதை எடுத்துவிடவில்லை. எறியவும் இல்லை.

வருகிற ஜூன் இருபத்தெட்டில் துறவியாக வார்த்தைப்பாடு கொடுக்கிறேன். உன் அம்மாவின் காலில் விழுந்ததாகச் சொல். பதில் எழுத வேண்டாம்.

வாத்தியார்

ஜூன் 30

சகோதரருக்கு,

இனி எழுத மாட்டேன் என்றவள் எழுதுகிறேன். இது ஒன்றுதான்.

நேற்று முன்தினம் மடத்துக் கோவிலுக்கு வந்திருந்தேன். லென்ஸ் வாங்கப் போவதாக அம்மாவிடம் பொய் சொன்னேன். "சரி, போய்ட்டு வா. பஸ்ல உட்கார்ந்து அழாத" என்றாள்.

வாசலை ஒட்டிய தூணுக்குப் பின்னால் நின்றேன். நல்ல எண்ணத்தோடு வரவில்லை. உங்கள் குரல் கொஞ்சம் தடுமாறினால் போதும், ஒரே ஒரு தடவை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தால் போதும், அத்தனை பேர் நடுவிலும் நடந்துவந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவது என்று வந்தேன். இருப்பதிலேயே நல்ல உடையைத்தான் உடுத்தியிருந்தேன்.

உன்னை முழுவதும் ஆண்டவருக்குக் கொடுக்கிறாயா என்று கேட்டார்கள். கொடுக்கிறேன் என்றீர்கள். கோவில் வாசல் வரை கேட்டது. நீங்கள் திரும்பவில்லை.

சந்தோஷப்பட்டேன் என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள். ஆனால் உங்களை முழுசாக அன்றுதான் பார்த்தேன். எனக்கு இல்லை என்றாலும் பார்த்தேன்.

பிறகு நானும் முழங்காலிட்டேன். எதுவும் கேட்கவில்லை. கேட்க ஒன்றுமில்லாமல் அவர் முன்னால் இருப்பது எனக்குப் புதிது. பூசை முடிந்து விளக்குகளை அணைக்கும் வரை அப்படியே இருந்தேன்.

பஸ்ஸில் அழுதேன். பக்கத்திலிருந்த பெண் ஒன்றும் கேட்காமல் ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்தாள். பாதி வழியில் நல்ல பசி எடுத்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. வண்டி நின்ற இடத்தில் இறங்கி வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

எனக்காகச் செபியுங்கள். என் பேரைச் சொல்லியே செபிக்கலாம். இனி அது உங்களைக் கலைக்காது.

கண்ணாடிக்காரி