நம்ம வீட்டுக் கம்பி

சொர்ணவல்லிக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமா? ஒன் முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை, தொப்பைகூட அப்படியே இருக்கிறது. போனில் சொன்னால் நீ திட்டுவது காதில் விழும். அதனால்தான் லீவில் ஊருக்கு வரும் என் ரூம்காரப் பையன் வசந்திடம் இந்தக் கடுதாசியைக் கொடுத்துவிடுகிறேன்.

நம்ம வீட்டுத் தளத்துக்குக் கம்பி கட்ட என்னால் வர முடியாது. இந்த வெளிநாட்டுக் கம்பெனியில் சேரும்போது கம்பி, வெல்டிங், பைப், சென்ட்ரிங் எல்லாமே தெரியும் என்று பீத்திக்கொண்டேன் இல்லையா? யாரை எந்த வேலைக்குப் போடுவது என்று இப்போது கம்ப்யூட்டரில் பட்டியல் போடுகிறார்கள். அடுத்த மாதம் நாலு வேலையிலும் என் பேர் இருக்க, அதற்கு மேல் லீவும் இருந்ததால் கணக்கு உதைத்து என் பேர் சிவப்பாகிவிட்டது. நம்ம திருச்சிக்கார இன்ஜினியர் யோசித்து ஒரு வரியை அழித்தார். உடனே பச்சையாகிவிட்டது. அழிந்தது என் லீவு.

"ஒங்கள மாதிரி ஆள் கெடைக்காதுண்ணே" என்று தட்டிக்கொடுத்தார். டைல்ஸ் தவிர ஒன்றும் தெரியாத வசந்த் பெட்டி கட்டுகிறான்.

நம்ம ஊர்க் கம்பி வேலைக்காரன் சேவுகனையே கட்டச் சொல். அவன் முடிச்சு போடுவதைவிடப் பேசுவது அதிகம், பக்கத்திலேயே நில். வசந்த் திரும்பும்போது நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடு. கேம்ப் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான்.

கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் எல்லா மூலையையும் போட்டோ எடுத்து அனுப்பு. கொட்டிவிட்டால் நம்ம வீட்டுக் கம்பியை நான் பார்க்கவே முடியாது.

ஆத்மநாதன்