விசா ஃப்ரீயும் ஃப்ரீ விசாவும்

சென்னை, மீனம்பாக்கம்
3.10.2024

மாமாவுக்கு,

நான் நலம். அக்காவும் நலமாகத்தான் இருப்பாள், இல்லையென்றால் இதற்குள் என்னைக் கூப்பிட்டுத் திட்டியிருப்பாள். நீங்கள் போனில் கேட்டது பாதியில் அறுந்துவிட்டது. வெள்ளிமலைக்கு மேலே உங்கள் ஊரில் டவர் வைக்கிறவரை நமக்குத் தபால்தான் கதி.

லாரி ஓனர் உங்களைத் தாய்லாந்துக்குச் சுற்றுலா கூட்டிப்போகிறார் என்பதை நம்ப முடியவில்லை. சின்னசேலம் ஜவ்வரிசி மில்லுக்கு நீங்கள் கிழங்கு லோடு ஓட்டிப்போய் இறக்கினால் டீ வாங்கித் தரவே முகம் சுளிக்கிற ஆள் அவர். போகட்டும். கேட்டதற்குப் பதில்.

விசா வேண்டாம். இறங்கினதும் முத்திரை குத்துவார்கள், அறுபது நாள் இருக்கலாம். அதற்காகச் சும்மா விட மாட்டார்கள். பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாதமாவது உயிர் இருக்க வேண்டும். திரும்பும் டிக்கெட், ஓட்டல் புக்கிங் இரண்டையும் காகிதத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். போனில் இருக்கிறது என்று நீட்டினால் அந்த நேரம் பார்த்து சார்ஜ் போகும். கையில் அந்த ஊர்ப் பணம் கொஞ்சம் வேண்டும். எதற்குப் போகிறாய் என்று கேட்டால் ஒரே பதில், "ஊர் சுற்ற." எந்த ஓட்டல், எப்போது திரும்புகிறாய் என்பதைத் தடுமாறாமல் சொல்ல வேண்டும். தடுமாறினால் ஓரமாக உட்கார வைத்துவிடுவார்கள்.

என் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். மனப்பாடம் செய்யுங்கள். போன் தொலைந்தால் அதில் இருக்கிற நம்பரும் தொலையும்.

தனசேகரன்

---

14.10.2024

மாப்ளே சேகருக்கு உன் மாமன் கொளஞ்சியப்பன் எழுதுவது.

லெட்டர் கெடச்சிது. வாத்தியார் மாதிரி எழுதியிருந்த. நான் உன்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன், கோவிச்சிக்காதே. ஓனரும் இல்ல, சுற்றுலாவும் இல்ல. வேலைக்குத்தான் போறேன். முதல்லயே சொன்னா நீ ஆயிரம் கேள்வி கேப்பே.

தியாகதுருகத்துல ஒரு ஏஜென்ட் இருக்கான். எனக்கு டிரைவர் வேலை, நம்ம பக்கத்து வூட்டு ராஜாம்பாள் மகன் சடையனுக்கு கம்ப்யூட்டர் வேலை. அவன் டிப்ளமா முடிச்சிட்டு சும்மா சுத்திக்கினு இருந்தான், நான்தான் சேத்துவுட்டேன். பாங்காக்ல இறங்கினா கார் வருமாம். ஒரு நாள் ஓட்டமாம். ஆத்தங்கரை ஊராம்.

இதுல பெரிய விஷயம் இன்னான்னா, ஃப்ரீ விசா. கத்தார்ல நான் பட்டது உனக்குத் தெரியும். ஒரே முதலாளி, அவன் அடிச்சாலும் ஒதச்சாலும் அங்கேயே கெடக்கணும். கூட இருந்தவன் ஃப்ரீ விசால வந்தவன். புடிக்கலன்னா துண்டை உதறித் தோள்ல போட்டுக்கினு வேற இடம் போயிடுவான். அவனைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிஞ்சேன். இப்ப எனக்கும் அது கெடச்சிருக்கு.

சடையன் உன் லெட்டரை வாங்கிக்கினு போயி மனப்பாடம் பண்ணிக்கினு இருக்கான். "உங்க மச்சினன் கில்லாடி மாமா" என்கிறான்.

இப்படிக்கு,
கொளஞ்சியப்பன்

---

சென்னை
19.10.2024

மாமா,

உட்கார்ந்து படியுங்கள்.

அது ஃப்ரீ விசா இல்லை. விசா ஃப்ரீ. கத்தாரில் ஃப்ரீ விசா என்றால் யாரிடம் வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்று பேச்சு. இங்கே விசா ஃப்ரீ என்றால் சுற்றிப் பார்க்க வருகிறவனுக்கு விசா கேட்கமாட்டோம் என்று அர்த்தம், அவ்வளவுதான். அந்த முத்திரையில் ஒரு நாள் வேலை செய்தாலும் நீங்கள் குற்றவாளி. அங்கே அடித்தால் போலீசுக்குப் போக முடியாது. போனால் பிடிப்பது உங்களைத்தான். வார்த்தையைத் திருப்பிப் போட்டால் ஆளே மாறிவிடுகிறது, புரிகிறதா?

ஆற்றங்கரை ஊர் என்று படித்ததும் உங்கள் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பர்மா. அங்கே கம்பி வேலிக்குள் கட்டடங்கள். டிரைவர் வேலையும் கிடையாது, கம்ப்யூட்டர் வேலையும் கிடையாது. பெண் பெயரில் போனில் மெசேஜ் போட்டு, ஊரில் இருக்கிறவனை மயக்கிப் பணம் பறிக்கிற வேலை. ஆள் சிக்காத அன்றைக்கு அடி.

இதை நான் பேப்பரில் படித்துச் சொல்லவில்லை. போன மாதம் அங்கிருந்து மீட்டுக்கொண்டு வந்தவர்களில் ஒருவன் ஏர்போர்ட்டில் பெட்டி வருகிற, நான் பராமரிக்கிற பெல்ட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். பெட்டிகள் எல்லாம் போய்விட்டன. "உங்க பெட்டி வரலையா?" என்று கேட்டேன். "எனக்குப் பெட்டியே இல்லீங்க. வெளிய அம்மா நிக்குது. வெறுங்கையோட எப்படிப் போறதுன்னு நின்னுக்கினு இருக்கேன்" என்றான். காதுக்குப் பின்னால் சுட்ட தழும்பு. அவனும் நம்ம பக்கத்துப் பேச்சுதான்.

போகாதீர்கள். சடையனையும் விடாதீர்கள். அந்த ஏஜென்ட்டிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். வேலைக்குப் போகிறவன் எதற்காகச் சுற்றுலா என்று சொல்ல வேண்டும்?

சேகர்

---

24.10.2024

சேகருக்கு,

உன் லெட்டரை உன் அக்கா முதல்ல பிரிச்சிட்டா. சோறு ஆக்காம உட்கார்ந்துக்கினு இருக்கா. உனக்குத் திருப்தியா?

ஏஜென்ட்கிட்ட கேட்டேன். "உங்க மச்சினன் மெக்கானிக்குங்களா, மந்திரிங்களா?" என்கிறான். அங்க இருந்த நாலு பேரும் சிரிச்சாங்க. நீ படிச்சவன், நான் எட்டாவது. அதுக்காக வார்த்தைக்கு அர்த்தம்கூட தெரியாதவன்னு எழுதணுமா? கத்தார்ல வெயில்ல நின்னவன் நானா நீயா? நீ குழந்தையா இருக்கும்போது உங்க வூட்டுக்கு மாப்பிள்ளையா வந்தவன் நான்.

நீ சென்னை ஏர்போர்ட்டுல வந்து மறிப்பேன்னு திருச்சியில டிக்கெட் போட்டாச்சு. இது உன் கைக்கு வரும்போது நாங்க போயிருப்போம். இனிமே எனக்கு எழுதாதே. அக்காவுக்கு எழுதிக்கோ.

கொளஞ்சியப்பன்

---

9.11.2024

மாப்ளே,

எழுதாதேன்னு சொன்னவனே எழுதறேன். நான் போகல. என்னைத் திருப்பி அனுப்பிட்டாங்க.

திருச்சியில ஆபீசர், "எதுக்குப் போறீங்க?"ன்னு கேட்டாரு. ஏஜென்ட் சொல்லிக்குடுத்தது நாக்கு நுனியில இருக்கு. ஆனா உன் மேல இருந்த ஆத்திரம், நீ சொன்னது தப்புன்னு காட்டணும் எனக்கு. "வேலைக்குத்தான் சார். ஃப்ரீ விசா"ன்னேன். அவரு பேனாவ வெச்சிட்டாரு. "யாருங்க சொன்னது?" "ஏஜென்ட்டுங்க." "பத்தாவது முடிக்காதவங்க பாஸ்போர்ட்டு உங்களுது, வேலைக்குப் போகணும்னா தனியா அனுமதி வேணும், தெரியுமா? ஓரமா உட்காருங்க"ன்னாரு. நீ எழுதின அதே வார்த்தை. எனக்கு அழுகையா வந்துட்டுது.

பக்கத்து கவுண்டர்ல சடையன். "ஊர் சுத்த சார்." ஓட்டல் பேரு, திரும்பற தேதி, ஒண்ணுலயும் தடுமாறல. முத்திரை விழுந்திடுச்சி. "டேய், நில்லுடா, போவாதேன்னு சொல்றாங்க"ன்னு கத்தினேன். "நீ அடுத்த பிளைட்ல வந்துடு மாமா"ன்னு சிரிச்சிக்கினே உள்ள போயிட்டான்.

இறங்கிட்டேன்னு ஒரு மெசேஜ். கார்ல போய்க்கினு இருக்கேன்னு ஒண்ணு. அப்புறம் போன் ஆஃப். ஏஜென்ட் கடையும் பூட்டியிருக்குது. ராஜாம்பாள் தெனமும் விடியும்போதே வந்து எங்க வாசல்ல உட்கார்ந்துக்குது. என்னைத் திட்டினாக்கூடத் தேவல. "உன்னைத் திருப்பி அனுப்பிட்டாங்களே, அவனையும் அனுப்பிடுவாங்கல்ல கொளஞ்சி?"ன்னு அதையே கேட்டுக்கினு இருக்கு. நான் தலையாட்டறேன்.

இன்னா பண்றது சேகரு? எப்படி வேணும்னாலும் திட்டி எழுது. கேட்டுக்கறேன்.

கொளஞ்சியப்பன்

---

சென்னை
27.11.2024

மாமா,

திட்ட வாயில்லை. என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவன் நான். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் அவனும் தடுமாறி உங்களோடு ஓரமாக உட்கார்ந்திருப்பான்.

அக்கா வாங்கி அனுப்பிய சடையனின் பாஸ்போர்ட் நகலை வைத்துத் தூதரகத்துக்கும் கள்ளக்குறிச்சி போலீசுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். பார்க்கிறோம் என்றார்கள். ஆனால் நான் இப்போது எழுதுவது வேறு. நீங்கள் சிக்னலுக்காக வெள்ளிமலைக்கு இறங்கும்போதெல்லாம் ராஜாம்பாள் கூடவே வந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். இதை அவர் எதிரில் படிக்காதீர்கள்.

போன வாரம் தெரியாத நம்பரிலிருந்து எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. பெண் போட்டோ. பெயர் நிஷாவாம், சிங்கப்பூரில் துணி வியாபாரமாம். தப்பு நம்பருக்கு வந்துவிட்டது, மன்னிக்கணும் என்று முதலில் ஆங்கிலம். இரண்டாம் நாள் தமிழ். "இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?"

சிங்கப்பூர்ப் பெண் அப்படி எழுதமாட்டாள் மாமா.

சடையன் மனப்பாடம் செய்த கடிதத்தில்தான் என் நம்பரும் இருந்தது. நீ சடையனா என்று கேட்டுவிடத் தோன்றியது. கேட்கவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் எவனாவது நின்று படித்துக்கொண்டிருப்பான். அதனால் நான் மயங்கின ஆள் மாதிரி பேசிக்கொண்டிருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை, கையில் சேமிப்பு இருக்கிறது, எதில் போடலாம் என்று கேட்கிறேன். மீன் தூண்டிலில் இருக்கிறது என்று அவர்கள் நம்புகிறவரை அவனை அடிக்கமாட்டார்கள் என்று ஒரு கணக்கு. சரியா தப்பா என்று தெரியவில்லை. வேலையில் இருக்கும்போது போன் அதிர்ந்தால் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுப் பதில் போடுகிறேன்.

அது அவனா, அவனை மாதிரி நம்ம பக்கத்துப் பையன் வேறு எவனாவதா, என்னால் சொல்ல முடியவில்லை. நான் அவனோடு பேசிப் பழகியதே இல்லை. நீங்கள் அவனைத் தூக்கி வளர்த்தவர். இதைப் படித்ததும் கிளம்பி வாருங்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துப் பாருங்கள். அவன்தான் என்றால் அவனுக்கு மட்டும் புரிகிற மாதிரி என்ன எழுதலாம் என்று நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன். எனக்குத் தெரியவில்லை மாமா.

இப்போதும் ஒன்று வந்திருக்கிறது. "சாப்டீங்களா?" என்று கேட்டிருக்கிறது. நேரமாகிறது, பதில் போட வேண்டும்.

சேகர்